நீர்பாய்ச்சியின் கூலி: குடிமராமத்துக் கதையாடலில் விடுபட்டவர்கள்

'கண்மாயை ஊரே கூடிப் பராமரித்தது' என்ற வாக்கியம் சூழலியல் பேசுகிற மேடைகள் எல்லாவற்றிலும் ஒலிக்கிறது. அரசாணைகளிலும் தொண்டு நிறுவனப் பிரசுரங்களிலும் தமிழ்த் தேசியர்களின் கட்டுரைகளிலும் அதே வாக்கியம். இதில் வரும் 'ஊர்' யார்? மண் சுமந்தவர் யார், நீருக்குள் முங்கி மடைக்கல்லைப் பெயர்த்தவர் யார், மழை ராத்திரியில் கரைமேல் காவல் நின்றவர் யார்? அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது? இயற்கை வளப் பாதுகாப்பை ஓர் அறமாக, மரபறிவாகப் பேசுகிறவர்கள் அதை ஒரு வேலையாகப் பார்ப்பதில்லை. வேலை என்று பார்த்தால் ஆள் யார், சாதி எது, சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டிவரும்.

நிலக்கோட்டைச் சமவெளி இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான இடம். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலையடிவாரம், தெற்கே வைகை. அணைப்பட்டி அருகே பேரணையிலிருந்துதான் பெரியாறு பிரதானக் கால்வாய் புறப்படுகிறது. ஆகவே இங்கே இரண்டு பாசன ஆட்சிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மாமூலின்மேல் ஓடிய கண்மாய்கள் ஒருபக்கம். பொறியாளரின் காகிதத்தின்மேல் ஓடுகிற கால்வாய் மறுபக்கம். இரண்டிலும் அடிப்படி ஒன்றுதான்.

1

வைகை வடிநிலக் கண்மாய்களில் மடை திறந்து நீர் பங்கிட்டவரை நீர்பாய்ச்சி, நீராணிக்கர், நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் அழைத்தார்கள். பெரும்பாலும் பள்ளர், சில ஊர்களில் பறையர். நிலவுடைமையாளர்களின் வயல்களுக்கு முறைவைத்து நீர்விடுவது, கரையில் நண்டு வளையும் எலி வளையும் பார்ப்பது, உடைப்பு எடுத்தால் ஆள் கூட்டுவது, வாய்க்காலில் செடி அறுப்பது, கடைமடைக்கு நீர் எட்டியதா என்று நடந்துபோய்ப் பார்ப்பது ஆகியவை அவர் வேலை. பஞ்ச காலத்தில் இருக்கிற நீரை எத்தனை வயலுக்குப் பிரிக்கலாம் என்ற கணக்கும் அவர் தலையில்தான். தன் பெயரில் ஒரு செய்கூட இல்லாதவர் கையில் பங்கீட்டை விட்டால்தான் பாரபட்சம் இருக்காது என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. இந்த நியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். நிலமற்றவராக இருப்பது அந்த வேலைக்குத் தகுதி என்றால், அவரை நிலமற்றவராகவே வைத்திருப்பது அந்த அமைப்பின் தேவை.

கூலி களத்துமேட்டில் கிடைத்தது. அறுவடையில் இத்தனை மரக்கால், இத்தனை அரி என்று ஒவ்வொரு வயற்காரரிடமும் தனித்தனியாகப் போய் வாங்க வேண்டும். விளைந்தால் உண்டு, சாவியானால் இல்லை. இந்த வேலை தனியாக நிற்கவும் இல்லை. தமுக்கடிப்பது, சாவுச்சேதி சொல்லப்போவது, சுடுகாட்டு வேலை என்று சாதிக்குரிய 'தொழில்'களோடு பல ஊர்களில் அது பின்னிக் கிடந்தது. தண்ணீர் வேலையை வைத்துக்கொண்டு சாவு வேலையை மறுக்கலாம் என்றால் களத்து நெல் நின்றுபோகும். ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வெளியான தம் நூலில், கண்மாய்ப் பராமரிப்பை சமத்துவமான கூட்டுறவு என்று காட்டும் சித்திரத்தைக் கலைத்து, அது சாதி அதிகாரமும் மரியாதையும் பங்கிடப்பட்ட களம் என்று நிறுவினார்.

'மடையன்' என்ற வசவு மடை திறப்பவனிலிருந்து வந்தது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். மடை என்றால் சோறு என்றும் பொருள் உண்டு, மடையன் என்றால் சமையற்காரன் என்றும் அகராதி சொல்கிறது. எந்த வழியில் வந்திருந்தாலும் சரி, உழைக்கிறவனின் பெயர்தான் வசவாகியிருக்கிறது.

2

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனியின் கைக்கு வந்தது. வரி குறித்த அக்கறை இருந்த அளவுக்குக் கண்மாய் குறித்த அக்கறை அந்த ஆட்சிக்கு இல்லை. 1858இல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பிய விதம் கவனிக்கத்தக்கது. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்புகளைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களைக் கிராமத் தலைவர் அழைத்து வேலை வாங்கலாம். குடிமராமத்தைச் செய்யத் தவறினால் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டம். இன்று 'மக்கள் பங்கேற்பு' என்று கொண்டாடப்படும் குடிமராமத்தின் சட்ட முகம் இது. பங்கேற்பு என்ற சொல்லுக்குள் கட்டாயம் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கட்டாயம் எல்லா வகுப்பின் மேலும் ஒரேமாதிரி விழவில்லை.

1895இல் இரண்டு காரியங்கள் நடந்தன. முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டுப் பேரணைக் கால்வாயில் நீர் ஓடியது. அதே ஆண்டில் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டமும் வந்தது. முன்சீப், கர்ணம் தொடங்கி வெட்டி, தலையாரி, நீர்க்கண்டி வரை பதவிகளை வரிசைப்படுத்தி, பிறப்பால் வரும் உரிமையாக அச்சட்டம் உறுதிசெய்தது. கால்வாய் நவீனம், கண்மாய் பரம்பரை. ஒரே அரசு, ஒரே ஆண்டு. நவீனத்தின் பக்கமும் படிநிலை குறையவில்லை. மேலே லண்டன் அருகே கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலிருந்து வந்த வெள்ளைப் பொறியாளர்கள் (அணை கட்டிய பென்னிகுயிக்கே பின்னால் அக்கல்லூரியின் தலைவரானார்), நடுவில் ஓவர்சியர்கள், அடியில் ஷட்டர் திருகுகிற லஸ்கர். நீர்பாய்ச்சியிடம் இருந்த பங்கீட்டுத் தீர்மானம் லஸ்கருக்கு இல்லை. அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. அறிவு போய்ச் சம்பளம் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த அம்பேத்கர் மசோதா கொண்டுவந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ஊரார் தானியமாகத் தருவதை நம்பி வேலை செய்கிறவன் ஊராருக்கு அடிமையாகத்தான் இருப்பான், ஆகவே அதைப் பணமாக மாற்று என்பது அதன் சாரம். களத்து நெல்லை 'பரஸ்பர உறவு' என்று வியக்கிற நம்முடைய சூழலியல்வாதிகள் இதைப் படித்தார்களா என்று தெரியவில்லை. 1992இல் வந்த 'திஸ் ஃபிஷர்ட் லேண்ட்' நூலில் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும், சாதிகள் வளங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டதால் இயற்கை காக்கப்பட்டது என்ற வாதத்தை வைத்தார்கள். வளம் பிரிந்ததுபோல அவமானமும் பிரிந்தது என்பதை அந்த வாதத்தால் விளக்க முடியாது. சாதி என்பது உழைப்புப் பிரிவினை அல்ல, உழைப்பாளர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே பதில் எழுதிவிட்டார்.

3

பரம்பரைப் பதவி என்பது அரசமைப்புக்கு முரண் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இல் தமிழகம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்து, பின் வி.ஏ.ஓ.வைக் கொண்டுவந்தது. வருவாய்த்துறைப் பட்டியலில் இருந்த தலையாரி, வெட்டி, நீர்க்கண்டி ஆகியோர் 1995இல் கால முறை ஊதியத்துடன் கிராம உதவியாளர் ஆனார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாற்றத்தில் சம்பளம் மனிதருக்கு வந்தது, தண்ணீர் வேலைக்கு வரவில்லை. உதவியாளர் இப்போது வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு உதவுகிறார். பட்டியலில் இல்லாமல், ஊர் மாமூலில் மட்டும் இருந்த நீர்பாய்ச்சியை எந்தச் சட்டமும் தொடவே இல்லை.

இதற்குள் களமே காணாமல்போகத் தொடங்கிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது, 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் எல்லோருக்கும் ஆனது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையும் மற்ற பூக்களும் பெருகின. நெல்லுக்குக் களம் உண்டு, மரக்கால் உண்டு, பங்கு உண்டு. பூவுக்கு ஏது களம்? விடியக்காலையில் பறித்த பூ கமிஷன் மண்டிக்குப் போய்விடும், அதில் நீர்பாய்ச்சிக்கு அளந்துபோட எதுவும் இல்லை. கிணற்றுக்காரருக்குக் கண்மாய் நீர் நிலத்தடியில் ஊறி வந்துசேர்கிறது, ஆனால் மடையைத் திறந்தவருக்கு அவர் கடன்பட்டிருப்பதாக நினைக்கத் தேவையில்லை.

2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உண்டாக்கியது. ஓட்டு நிலம் வைத்திருப்பவருக்கு. நீரைக் கையாண்டவருக்கு நிலம் இல்லை, ஆகவே ஓட்டும் இல்லை. 2017இல் 'குடிமராமத்து' என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1519 பணிகளை அரசு தொடங்கியபோது, அவை ஒப்படைக்கப்பட்டதும் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம்தான். பொக்லைன் மண் அள்ளியது. பெயர் மட்டும் குடிகளுடையது.

மண்ணை மனிதக் கையால் அள்ளியது நூறுநாள் வேலை. 2006 பிப்ரவரியில் அத்திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் வந்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அப்போது தமிழகத்தில் ஒருநாள் கூலி 80 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். தமிழகத்தில் இந்த வேலைநாள்களில் நூற்றுக்கு 80க்கும் மேல் செய்தவர்கள் பெண்கள். நீர்பாய்ச்சி முறையில் ஆண் பெயரில் மட்டும் பதிவாகியிருந்த கண்மாய் வேலை, கூலி குறைந்தபோது பெண்களுடையதாயிற்று. அவர்களைப் பார்த்து 'மரத்தடியில சும்மா உக்காந்துட்டு வர்றாங்க' என்று கேலி பேசுகிறோம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது பற்றி நடந்த விவாதத்திலும், இந்தப் பெண்கள் பயனாளிகளாகப் பேசப்பட்டார்களே தவிர நீர்நிலைத் தொழிலாளர்களாகப் பேசப்படவில்லை.

4

பள்ளர் உள்ளிட்ட ஏழு உட்பிரிவுகள் 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. நீர் மேலாண்மையின் மூத்தகுடி என்ற பெருமிதம் அந்தப் பெயருக்கான போராட்டத்தில் ஒலித்தது. இழிவாகச் சுமத்தப்பட்டதைப் பெருமையாகத் திருப்புவது ஒடுக்கப்பட்டோரின் அரசியலில் நியாயமான நகர்வுதான். ஆனால் பெருமிதம் கூலியின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. 'உங்க தாத்தா பெரிய நீர் விஞ்ஞானி' என்று சொல்வதற்கு எந்த ஆதிக்க சாதிக்காரருக்கும் செலவில்லை.

நம் சூழலியல் இயக்கங்கள் கண்மாயைக் காப்பாற்றச் சொல்கின்றன, சரி. காப்பாற்றும் வேலை யாருக்கு, என்ன சம்பளத்துக்கு, சாதிக்கடமை எதுவும் ஒட்டாமல் எப்படி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கண்மாய்க்கு ஒரு நீர்ப்பணியாளர், ஆணோ பெண்ணோ எந்தச் சாதியோ, பஞ்சாயத்தின் பொது நிதியிலிருந்து மாத ஊதியத்தோடு, பாசனச் சங்கத்தில் ஓட்டோடு என்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இந்தக் கோரிக்கை குடிமராமத்துத் தீர்மானங்களில் ஏன் இடம்பெறுவதில்லை என்று யோசித்தால், 'ஊரே கூடிப் பராமரித்தது' என்ற வாக்கியம் இத்தனை நாள் யாருக்குச் செலவை மிச்சப்படுத்தியது என்பது விளங்கிவிடும்.