மரத்தின் மேல் ஒரு கண்ணாடித் தோல்

"மரப்படகுக்கு எதுக்குடா கண்ணாடி?"

அப்பா போனில் கேட்டார். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். ஒன்டாரியோவில் என் கராஜில் கட்டிக்கொண்டிருந்த கயாக்கின் படத்தை அனுப்பியிருந்தேன். மூட்டெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு, அப்புறம் ஏன் கண்ணாடி இழைத் துணியைப் போட்டு மூடறே என்பது அவர் சந்தேகம். எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இதே மாகாணத்தின் பீட்டர்பரோ பட்டறைகளில் செடார் பட்டைகளை வைத்து கனூ கட்டினார்கள். கண்ணாடி கிடையாது. உள்ளே வரிசையாக விலாச்சட்டங்கள். பட்டைகளை அவற்றில் ஆணியடித்து இறுக்கினார்கள். ஆவியில் வேகவைத்து சட்டம் வளைப்பது கைதேர்ந்தவர்களின் வேலை. என்னைப் போன்றவன் கிட்டப் போக முடியாது.

கண்ணாடி இழை வந்த கதை ஒரு விபத்து. 1932இல் ஓவன்ஸ் இல்லினாய்ஸ் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு, மெல்லிய இழைகளாகச் சிதறியது. பத்து வருஷம் கழித்து ஒஹையோவில் ரே கிரீன் அந்த இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து சின்னப் படகு ஒன்றைச் செய்துவிட்டார்.

மினசோட்டாவின் கனூ பந்தயக்காரர்கள் போன்றோர் இதை மரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு மில்லிமீட்டர் பட்டைகளை அச்சுகளின் மேல் ஒட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடித் துணி. அச்சை உருவிவிட்டால் படகு. விலாச்சட்டமே வேண்டாம்! ஆனால் பாலியெஸ்டர் மரத்தை நன்றாகப் பிடிக்காது, உரிந்துவரும். 1969இல் மிச்சிகனின் பே சிட்டியில் தொழில் தொடங்கிய கூஜன் சகோதரர்கள் எபாக்சியைப் பரவலாக்கிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. 1983இல் டெட் மூர்ஸ் கனூவுக்கும், 1998இல் நிக் ஷேட் கயாக்குக்கும் புத்தகம் எழுத, கராஜ் வைத்திருப்பவனெல்லாம் படகுக்காரன் ஆனான். நானும்தான்.

அப்பாவிடம் விறகை வைத்துச் சொன்னேன். நார் ஓடும் திசையில் கோடரி விழுந்தால் சட்டென்று பிளக்குமே, பட்டையும் அப்படித்தான். நீளவாக்கில் பலம், குறுக்கே பலவீனம். அந்தக் குறுக்குப் பலத்தை முன்பு சட்டம் கொடுத்தது, இப்போது துணி கொடுக்கிறது. வெளியே பாறை இடித்தால் உள்பக்கத் துணிதான் இழுபடும், அதனால் உள்ளேயும் ஒட்டியாக வேண்டும்.

"அப்போ இது மரப்படகே இல்லைங்கறே."

கயாக் எப்போது மரப்படகாக இருந்தது? மரம் வளராத ஆர்க்டிக்கில், கடலில் மிதந்துவந்த கட்டையையும் எலும்பையும் கூடாகக் கட்டி, சீல் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள் இனுயிட் மக்கள். தண்ணீரைத் தடுத்தது தோல்தான். இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன ஞாயிறு வெளிப்பக்கத்துக்கு ரெசின் ஊற்றினேன். வெள்ளைத் துணி, வடை சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறுவதுபோல, கண்முன்னே மறைந்து செடாரின் சிவப்பு மேலே வந்தது. வீடியோவில் காட்டினேன்.

"மூக்குக்கிட்ட என்னடா வெள்ளையா?"

உள்ளங்கை அளவு இடம். ரெசின் போதாமல் துணி காய்ந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"மூட்டை மறைச்சா போதாதுடா," என்றார். "இழைச்சிட்டு மறுபடி போடு."


உள்பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.