ஒழுங்கில்லாத நாடி: அக்காவிடம் நான் கற்றது

அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது. மூன்று துடிப்பு வேகமாக, பிறகு ஓர் இடைவெளி, பிறகு இரண்டு. "வயல் வேலைக் களைப்புத்தான் தம்பி" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

இ.சி.ஜி. எடுத்ததும் 'ஏற்றியல் பிப்ரிலேசன்' என்றார்கள். இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் நிலை அது. அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் பிரமிங்காம் ஆய்வு 1978இல் சொன்ன கணக்கு: நடுக்கம் மட்டும் இருந்தால் பாரிசவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல், மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வும் பழுதாகியிருந்தால் 17 மடங்கு.

அக்கா இரண்டாவது வகை. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் முதியவர்களின் வருத்தம். அக்காவுக்கு வயது நாற்பதுகளில். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல வருடங்கள் போடவேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து ஊசிக்குப் போவதென்றால் தோணியும் கிடைக்கவேண்டும், சோதனைச்சாவடியும் திறந்திருக்கவேண்டும். மண்முனைப் பாலம் வந்ததே 2014இல். எத்தனை ஊசி தவறியது என்று அம்மாவிடமும் கணக்கில்லை. உங்களுக்கும் அப்படியொரு கதை இருந்து, இப்போது மூச்சு வாங்கினால், வைத்தியர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்.

யாழ். பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வடக்கில் 10,000 பேரை இலக்காக வைத்து, வீடு வீடாகக் கையடக்க இ.சி.ஜி. கருவியோடு இந்த வருத்தத்தைத் தேடும் ஆய்வை வகுத்தன. கருவி இல்லாதவர்கள் விரலால் தொடங்கலாம். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே சரிவராது. எண்ணிக்கையைவிட ஒழுங்கைக் கவனியுங்கள். தாறுமாறாக இருந்தால் இ.சி.ஜி. எடுத்தே உறுதிசெய்யவேண்டும். வருத்தம் உள்ளவர்களில் சில துடிப்புகள் பலவீனமாகி மணிக்கட்டுக்கு வந்து சேராது. அதனால்தான் தாதியர் நெஞ்சிலும் குழாய் வைத்து எண்ணுகிறார்கள். பிறஷர் மெஷினும் ஒருதரம் ஒன்று, மறுதரம் வேறொன்று காட்டும். மூன்றுமுறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

வேகத்தைக் குறைக்க பைசோபுரோலோல், டிஜொக்சின் போன்றவை. ஆனால் உயிர் காப்பது வாபரின், எலிமருந்தாகச் சந்தைக்கு வந்த அதே பொருள். புதிய மாத்திரைகளுக்கு இரத்தச் சோதனை தேவையில்லையே என்று பலர் கேட்கிறார்கள். மூட்டுவாதத்தால் வால்வு கெட்டவர்களிடம் ரிவரொக்சபானையும் வாபரின் வகை மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. பழைய மருந்து எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவு. ஆகவே ஐ.என்.ஆர். சோதனையைத் தட்டிக்கழிக்க வழியில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும்.

ஒருமுறை அக்காவுக்கு 1 மில்லிகிராம் மாத்திரை கிடைக்காமல் 5 மில்லிகிராம் கொடுத்துவிட்டார்கள். எவரும் விளக்கவில்லை. வழமைபோல மூன்று மாத்திரை விழுங்கினார். நாலாம் நாள் முரசில் இரத்தம், ஐ.என்.ஆர். ஏழைத் தாண்டியிருந்தது. அன்றுமுதல் மாத்திரைக் கணக்கை விட்டுவிட்டு மில்லிகிராம் கணக்கைக் கொப்பியில் எழுதுகிறோம்.

முருங்கையிலை, வல்லாரையை நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரம் அள்ளி மறுவாரம் விடுவதுதான் கெடுதி. நாரிநோவுக்குக் கடையில் டைக்குளோபினாக் வாங்காதீர்கள். மெற்றோனிடசோல் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரை தந்தால் வாபரின் எடுப்பதைச் சொல்லுங்கள். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே கிளினிக்கில் பேசவேண்டும். வாபரின் கருவைப் பாதிக்கும். மலம் கறுத்தாலோ தலை அடிபட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990க்கு அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, வாபரின் எடுப்பவர் என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அவர்கள் அதைக்கொண்டுதான் முடிவெடுப்பார்கள். அக்காவின் கொப்பி கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணியில் தொங்குகிறது.