திரைவழி நடந்த மருத்துவ மாநாடுகள்

சேலத்தில் 1986இல் தொடங்கப்பட்ட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியானாலும் நாட்டின் வேறெந்தக் கல்லூரியானாலும், பட்டமேற்படிப்பு மாணவர் இறுதித் தேர்வு எழுத, போஸ்டர் ஒன்றை வைத்திருக்க வேண்டும், மாநில அல்லது தேசிய மாநாட்டில் கட்டுரை ஒன்றை வாசித்திருக்க வேண்டும், ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையாவது அனுப்பியிருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகள் வகுத்திருந்தன. போஸ்டர் என்பது ஆய்வின் நோக்கம், முறை, முடிவு ஆகியவற்றை ஒரே பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, அருகில் நின்று விளக்கும் முறை. சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால், சேலத்து மாணவருக்கு இக்கடமை பதிவுக் கட்டணத்தோடு முடியாமல், வார்டு பணியை இன்னொருவரிடம் ஒப்படைத்து, சுருட்டிய தாளுடன் இரவுப் பேருந்து ஏறுவதாகவும் இருந்தது.

2020 மார்ச்சில் பாஸ்டனில் கூடவிருந்த எச்.ஐ.வி. ஆய்வு மாநாடு, கொரோனா தொற்றுப் பரவலால் கடைசி நேரத்தில் முழுவதும் இணையத்துக்கு மாறியது. அம்மாதம் 25ஆம் தேதி இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபின் இங்குள்ள சங்கங்களும் அவ்வழியையே பின்பற்றின. தாளின் இடத்தை மின்போஸ்டர் எனப்பட்ட ஒற்றைப் பக்கக் கோப்பு பிடித்தது; வாய்மொழி உரையைக் குரலோடு முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பிவிட்டு, குறித்த நேரத்தில் திரைமுன் காத்திருந்து, அரட்டைப் பெட்டியில் விழும் ஓரிரு கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும், சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேரும். பயணமும் அறை வாடகையும் மிச்சமானது தொலைவூர் மருத்துவர்க்கு உண்மையான ஆதாயம்தான். ஆனால் பலகைமுன் நின்ற மூத்தவர் எண்ணிக்கையில் விரல்வைத்து, 'இத்தனை பேர் ஏன் இடையில் விலகினார்கள்?' என்று மடக்கும் வாய்ப்பு அதில் அருகிப்போனது. விதி கேட்டது வாசித்ததற்கான அத்தாட்சியை. எவராவது கேட்டார்களா என்பதை அது ஒருபோதும் கேட்டதில்லை. இந்தப் பழைய குறை, திரைக்கு வந்தபின் மறைக்க முடியாதபடி தெரிந்தது.

இதற்கிடையே ஆய்வு செய்ய வேண்டியவர்களே நோயாளிகளிடம் கட்டுண்டிருந்தனர். 2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில், ஆலையின் ஆக்சிஜனைக் கொண்டே சிகிச்சை அளிக்கும் தற்காலிகப் படுக்கைகள் அமைக்கப்பட்டன.

கால்நடை மருத்துவக் கல்லூரியை 1985லேயே பெற்றுவிட்ட, சேலத்தை அடுத்த நாமக்கல்லுக்கு, மனிதர்க்கான அரசு மருத்துவக் கல்லூரி அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டவில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் பதினொரு புதிய கல்லூரிகளுள் ஒன்றாக அதைப் பிரதமர் திறந்துவைத்தபோது, அவ்விழாவும் காணொலி வழியாகவே நடந்தது.