கரும்புத் தீவில் ஒரு பகல்



பினாங்குத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்பதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். காலையில் பயணிகள் இறங்குவார்கள். ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். மாலையில் ஏறிப் போய்விடுவார்கள். அமெரிக்கக் கண்டத்தை ஒட்டியுள்ள கரீபியக் கடலில் இத்தகைய கப்பல்கள் மிகுதி. அங்கே குவாதலூப் என்று ஒரு தீவு. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. அந்தத் தீவில் ஒரு பகற்பொழுதை நாமும் மனத்தளவில் கழித்து வருவோம். தென்னை மரமும் கடல் மணலும் காண்பதற்காக அன்று; அவை நம் நாட்டிலேயே உண்டு. நம் உறவினரைக் காண்பதற்காக.

உறவினர் என்று சொல்வது மிகையன்று. புவாந்தாப்பித்ர் என்னும் நகரின் நடுவிலேயே கப்பல் கரை சேர்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சிறு படகுத்துறை. அதன் ஓரத்தில் 2004-ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியரை இத்தீவில் கொண்டுவந்து இறக்கியது. அதன் நூற்றைம்பதாம் ஆண்டு நினைவாக வைத்தது அது.

எதற்காக அவர்களைக் கொண்டுவந்தார்கள்? 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு விலகினர். துரைமார்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியரைத் தேடினார்கள். நாம் சஞ்சிக்கூலி என்று சொல்கிறோமே, அதே முறைதான். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்களுக்குத் துறைமுகங்களாயின.

இங்கே சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அரை நாள் நடைதான். தஞ்சைச் சீமையில் பஞ்சம் பிழைக்கக் கிளம்பியவன் காரைக்காலில் ஏறினால் குவாதலூப். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. இங்கே வந்தவர்களும் முதலில் வெட்டியது பால்மரத்தை அன்று. நம் பேராக்கில் கிரியான் வட்டாரம் ஒரு காலத்தில் கரும்புக்காடாக இருந்தது. 'கோலா குலா' என்னும் ஊர்ப் பெயரிலே உள்ள 'குலா' மலாய் மொழியில் சர்க்கரைதானே! ரப்பர் வந்த பிறகே கரும்பு மறைந்தது.

வேறுபாடு தூரத்தில் இருந்தது. பினாங்குக்கு நீராவிக் கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். அங்கேயோ ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதம். 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். நான்கில் ஒரு பங்கினர்கூடத் திரும்பவில்லை. மாண்டவர் மிகப் பலர்.

சரி, கடைத்தெருவுக்குப் போவோம். மசாலைப் பொடி விற்கும் பெண்கள் தலையில் கட்டம் போட்ட துணி கட்டியிருப்பார்கள். அந்தத் துணியின் பெயர் 'மதராஸ்'. விற்கும் பொடியின் பெயர் 'கொலொம்போ'. இலங்கைத் தலைநகர் என்று எண்ணிவிட வேண்டாம். நம் 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்பர். கொத்தமல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் அதில் உண்டு. ஆட்டிறைச்சியில் இந்தப் பொடியிட்டுச் சமைப்பது இன்று அந்தத் தீவு மக்கள் எல்லாருக்கும் பொதுவான உணவு. இந்தியர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

பிறகு வண்டியேறித் தெற்கே கப்பெஸ்தேர் என்னும் ஊருக்குப் போவோம். வழியெல்லாம் வாழையும் கரும்பும். சாலையோரத்திலே வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில். ஷான்ஜி கோயில் என்பார்கள். உள்ளே இருப்பவள் மாரியம்மன். அவர்கள் வாயில் 'மாலியெமேன்'. மதுரை வீரன் 'மால்தெவிதன்' ஆகியிருக்கிறான். கடலைக் கடக்கையில் காத்த நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நடுகிறார்கள், இந்துக்களே நடுகிறார்கள். பூசை செய்பவர் 'பூசாரி'. அடிக்கும் பறை 'தப்பு'. கூத்துக்கு 'நாதுரோன்', அதாவது நாடகம். அதைக் கற்றுக் கொடுப்பவர் 'வாத்தியாலு'. தோட்டத்து வாத்தியார்களாகிய எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு தனி மகிழ்ச்சி!

ஆனால் அந்த வாத்தியாலு நம்மோடு தமிழில் பேச மாட்டார். அவருக்குத் தெரியாது. பாட்டன் வாயிலிருந்து தந்தை வாய்க்கும், தந்தை வாயிலிருந்து தம் வாய்க்கும் வந்த தமிழ்ப் பாடல்களை விடிய விடியப் பாடுவார்கள். பொருள் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் பேசுவது கிரெயோல், பள்ளியில் படிப்பது பிரெஞ்சு.

இதற்காக அவர்களைக் குறை கூறுவது முறையன்று என்பது நம் கருத்து. தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிக் கிடந்தார்கள். பெண்கள் தொகை குறைவு. தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. 1889-க்குப் பிறகு ஊரிலிருந்து கப்பலும் வரவில்லை. கடிதம் எழுதவும் ஆளில்லை. இந்த நிலையில் எந்தச் சமூகத்துக்கும் மூன்று தலைமுறைக்கு மேல் மொழி தங்குவது அரிது. அம்மனும் தப்பும் குழம்பும் தங்கியதே பெரிது.

கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் திரும்பக் கூடாது. ஆன்றி சிதம்பரம் என்பது அவர் பெயர். கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தும் வாக்குரிமை இல்லாமல் இருந்தார்கள். 1904-இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அவர் முயன்றார். அரசாங்கம் ஏற்கவில்லை; இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்றது. வழக்கு நடந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்தொன்பது ஆண்டுகள். 1923-இல்தான் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது உறுதியாயிற்று. 1952-இல் அவர் காலமானார். பிற்காலத்தில் அதே கூலி வமிசத்தைச் சேர்ந்த எர்னெஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார்.

1923 என்பதைக் கேட்டதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டில்தான் இங்கே மலாயாவில் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. கோயில் திண்ணையிலும், லயத்துக் கோடியிலும், கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக வைத்து நடத்திய பள்ளிகள்தாம் பல. ஆயினும் அங்கே பிள்ளைகள் அ, ஆ எழுதினார்கள்.

ஒரே ஆண்டில் அவர்களுக்கு வாக்குச் சீட்டு கிடைத்தது. நமக்குக் கரும்பலகை கிடைத்தது. நமக்குக் குடியுரிமை 1957-ஐ ஒட்டித்தான் வந்தது. அப்போதும் மனுப் போடாதவர், எழுதத் தெரியாதவர், பத்திரம் இல்லாதவர் என்று எத்தனையோ பேர் விடுபட்டார்கள். 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் கேட்டபோது, சிவப்பு அடையாள அட்டையோடு 'ரஜூலா' கப்பலேறிப் போன குடும்பங்களைப் பேராக்கின் எந்தப் பழைய தோட்டத்திலும் பெரியவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள். இந்தத் தோட்டத்துக்கு ஒரு சிதம்பரம் இருந்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

அவர்கள் பக்கம் பார்த்தால் வேறு ஏக்கம். 1957-இல் நம் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறியும், இன்று ஐந்நூற்றுச் சொச்சமே மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சொச்சத்தில் ஒன்றுகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

பொழுது சாய்கிறது, கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அண்மைக் காலமாகக் குவாதலூப்பில் இந்திய வமிசாவளியினரின் சங்கங்கள் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. கோயிலில் காலமெல்லாம் பாடிய பாட்டின் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்கப் பெரியவர்களும் அவ்வகுப்புக்கு வருகிறார்கள்.