செடி இலையில் படியும் கறுப்பு தூசிதானா? துடைக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்க

திருவனந்தபுரத்தில் வீட்டுக்குள் செடி வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை உங்களுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கும்: இலை துடைப்பது. மழை ஓய்ந்து, சாலைப் புழுதி ஜன்னல் வழியாக உள்ளே வரும் காலம் அது. மணி பிளான்ட், ரப்பர் செடி, அரேகா பாம், ஆந்தூரியம் என எதை வைத்திருந்தாலும் இலை மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு ஏறிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போச்சு, அவ்வளவுதான்.

ஆனால் துடைத்த சில நாட்களிலேயே கறுப்பாகத் திரும்பி வருகிறதா? தொட்டால் பிசுபிசுன்னு ஒட்டுதா? தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை போகுதா? அப்படியானால் அது தூசி இல்லை. எத்தனை முறை துடைத்தாலும் தீராது.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

அதன் பெயர் கரும்பூசணம். இது ஒரு பூஞ்சை. இலைக்குள் புகுந்து தின்பதில்லை. மேலே படிந்து வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவே. அது வளர்வதற்கு இனிப்பு வேண்டும். அந்த இனிப்பைக் கொடுப்பது வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி போன்றவை. இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரியான ஒரு திரவத்தை இவை வெளியேற்றும். அது கீழே இருக்கும் இலையின் மேல்பக்கத்தில் சொட்டும். அதில் பூஞ்சை பிடிக்கும். ஆக, கறுப்பு தெரியும் இலை ஒன்று. பூச்சி இருக்கும் இலை அதற்கு மேலே இருக்கும் இன்னொன்று. பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை மெழுகு வட்ட வட்டமாக, சுருள் போட்டது மாதிரி தெரிந்தால் அது சுருள் வெள்ளை ஈ. மெழுகோடு சேர்த்து முட்டைகளைச் சுருளாக இடுவதால்தான் இந்தப் பெயர்.

கேரளாவுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. இந்தியாவில் சுருள் வெள்ளை ஈ முதலில் பதிவானதே கேரளாவில்தான், 1993-ல், மரவள்ளிச் செடியில். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதைப் பதிவு செய்தார்கள். அடுத்து 2016-ல் அதன் உறவுக்கார இனமான ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சி, பாலக்காடு தென்னந்தோப்புகளில் தென்பட்டது. தென்னையோடு நிற்கவில்லை, வாழை, கொய்யா, கல்வாழை, அலங்காரப் பாம் வகைகள் என எல்லாவற்றிலும் ஏறியது. திருவனந்தபுரத்தில் தென்னை இல்லாத தெரு அபூர்வம். பால்கனிக்கு எதிரே ஒரு மரம் இருந்தால், உங்கள் அரேகா பாமுக்கு அது வந்து சேர்வதற்குப் பெரிய பயணம் ஒன்றும் தேவையில்லை.

மருந்து அடிக்கலாமா?

அவசரப்பட்டு பூச்சிக்கொல்லி வாங்காதீங்க. தென்னைக்கே ரசாயன மருந்து வேண்டாம் என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். காரணம், என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி இந்த வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. மருந்து அடித்தால் முதலில் போவது அந்தக் குளவிதான். இலையடியில் இருக்கும் வெள்ளைக் கூட்டுப்புழுக்களில் சில கறுத்துப் போயிருந்தால் குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இலையை மட்டும் துடைக்காமல் விடலாம். கரும்பூசணத்தையே தின்னும் ஒரு சிறு வண்டையும் கேரளத் தோப்புகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தொட்டிச் செடிக்கு ஈரத்துணியே முதல் மருந்து. அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, பூச்சியை உடல்ரீதியாக நீக்குங்கள். குறையவில்லை என்றால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையடியில் தெளிக்கலாம். முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

படிந்த கறுப்பை எடுக்க தென்னைக்கு 1 சதவீத ஸ்டார்ச் கரைசல், அல்லது லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை பரிந்துரைக்கப்படுகிறது. காய்ந்ததும் அது பொருக்காக உதிரும்போது பூஞ்சையும் கூடவே உதிரும். வீட்டில் நாலு தொட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை, துணியே போதும்.

வெறும் தூசிதான் என்றால் துடைக்காமல் விட்டால் என்ன?

செடி உடனே செத்துவிடாது. ஆனால் வீட்டுக்குள் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. அதிலும் ஒரு பங்கைத் தூசி மறைத்தால் உணவு தயாரிப்பது குறையும், புது இலை வருவது மெதுவாகும். தூசி படிந்த, காற்று வறண்ட இடத்தில் சிலந்திப் பேனும் சீக்கிரம் பெருகும். ஏசி அறைச் செடிகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

வெளியே இருந்தால் மழை இந்த வேலையைச் செய்துவிடும். தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் தண்ணீர் முத்தாக உருண்டு, போகிற போக்கில் தூசியையும் அள்ளிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். இலை மேல் இருக்கும் நுண்ணிய மேடுகளும் மெழுகும்தான் அதற்குக் காரணம் என்று ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் 1997-ல் விளக்கினார்கள். சேம்பு, மணி பிளான்ட், ஆந்தூரியம் எல்லாம் ஒரே குடும்பம்தான் என்றாலும், மணி பிளான்ட் இலைக்கு சேம்பின் அந்த வித்தை கிடையாது.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்குமே?

பளபளக்கும், ரெண்டு நாளைக்கு. அப்புறம் அதே எண்ணெயில் இன்னும் அதிகமாகத் தூசி ஒட்டும். இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அங்கே எண்ணெய் பட்டால் காற்றுப் போக்கு அடைபடும். பால், மயோனைஸ், வாழைப்பழத்தோல் என்று வீடியோக்களில் வரும் மற்றவையும் இதே கதைதான். பாலும் பழமும் எறும்பைக் கூப்பிடும் என்பது தனி. இலை பளபளப்பாக இருப்பது நம் ஆசை, செடியின் தேவை அல்ல.

பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று போதும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கி, காம்பிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இடையே துணியை அலசுங்கள். பூச்சி உள்ள செடியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே பரப்புவீர்கள். சிறிய இலைகள் நிறைய இருந்தால் தொட்டியை பாத்ரூமுக்குத் தூக்கிப்போய் ஷவரில் நனைப்பது சுலபம். மண் கரையாமல் இருக்க ஒரு கவரால் மூடிக் கட்டிவிடுங்கள். சங்குமுகம், விழிஞ்ஞம் பக்கம் கடற்கரையை ஒட்டிய பால்கனி என்றால் உப்பும் சேர்ந்து படியும், அதற்கு துடைப்பதைவிட நல்ல தண்ணீரில் கழுவுவதே சரி. சென்னை போல போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும், பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

காலையில் செய்யுங்கள். ஜூனில் மழைக்காலம் தொடங்கிய பிறகு இந்த ஊரின் ஈரக்காற்றில் மாலையில் நனைத்த இலை இரவெல்லாம் காயாது. ஆந்தூரியத்துக்கு வரும் பாக்டீரியா கருகல் நோய் தண்ணீர் தெறிப்பதாலேயே பரவும். அதனால் அந்த மாதங்களில் அதைக் கழுவாமல் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

ரோமம் உள்ள இலைகளை, ஆப்பிரிக்கன் வயலட், சில பிகோனியாக்களை, துடைக்கவே கூடாது. காய்ந்த மென்மையான பிரஷ் போதும். எச்சவேரியா மாதிரி சதைப்பற்றுச் செடிகளின் மேல் இருக்கும் வெள்ளைப் பொடி அழுக்கல்ல, அதன் பாதுகாப்புக் கவசம். தேய்த்த இடத்தில் அது திரும்ப வராது. டிஃபன்பேக்கியா இலை உடைந்து சாறு பட்டால் அரிக்கும், கையை உடனே கழுவுங்கள், குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இலை சுத்தமாக இருந்தால் வீட்டுக் காற்றும் சுத்தமாகும் என்று நம்பித் துடைக்க வேண்டாம். நாசாவின் 1989 ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் வந்த மறுஆய்வின்படி, ஜன்னல் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும்.

என்ன பூச்சி என்றே புரியவில்லையா? கறுப்பு இலை ஒன்று, அதற்கு மேலே இருந்த இலை ஒன்று, இரண்டையும் கவரில் போட்டு மூடி உங்கள் பகுதி கிருஷி பவனுக்கு எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.