உயிர்க்கொலைத் தயக்கம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

உணவுக்காக ஓர் உயிரைக் கொல்லும்போதும், கொன்றதை உண்ணும்போதும் மனிதர் மனத்தில் எழும் அறக்கூச்சமே உயிர்க்கொலைத் தயக்கம். புலால் மறுத்தல் இதன் உச்சநிலை. ஆனால் தயக்கம் அதைவிடப் பரந்தது. இறைச்சியை அடியோடு விட்டவரிடம் அது உண்டு. கிழமை பார்த்துக் கறி எடுப்பவரிடமும், தான் வளர்த்த ஆட்டைத் தன் கையால் அறுக்க மனம் வராதவரிடமும், கிடாயின் தலையில் தண்ணீர் தெளித்து அதன் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பூசாரியிடமும் அது உண்டு. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். ஆகவே இத்தயக்கத்தின் வரலாற்றைச் சைவ உணவுக்காரர்களிடம் மட்டும் தேடினால் அதன் பெரும்பகுதி விட்டுப்போகும்.

வட்டாரப் பின்னணி

பெரம்பலூருக்கு மேற்கே உள்ள குரும்பலூர் ஒரு பேரூராட்சி. அதற்கப்பால் பச்சைமலை. சுற்றிலும் மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் முக்கியப் பயிர்கள். மழையை நம்பிய இத்தகைய மண்ணில் ஆடுதான் குடும்பத்தின் கைமுதல். பள்ளிக்கட்டணம், மருத்துவச் செலவு, கல்யாணச் சீர் எது வந்தாலும் முதலில் சந்தைக்குப் போவது ஆடு. பெயர் வைத்துக் கூப்பிட்டு, கஞ்சித்தண்ணீர் வைத்து, மழைக்காலத்தில் திண்ணையில் கட்டி வளர்த்த உயிர் அது. 'வளர்த்த கையால அறுக்கக் கூடாது' என்பது பல வீடுகளில் எழுதாத விதி. அந்த ஆட்டை விற்பார்கள். வீட்டு விசேஷத்துக்கு வேறு ஆடு வாங்குவார்கள்.

சங்க காலம்

சங்கப் பாடல்களில் ஊனும் கள்ளும் விருந்தின் அடையாளங்கள். அந்தணரான கபிலர் சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடுகையில், ஊன்சோறு உண்பதன்றி வேறு வேலை அறியாததால் தம் கை மென்மையாயிற்று என்று கூச்சமின்றிச் சொல்கிறார் (புறநானூறு 14). ஆயினும் அக்காலத்திலேயே தயக்கம் தலைகாட்டிவிட்டது. வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாட்டில், வேட்டுவன் ஒருவன் குடில் முற்றத்தில் அயர்ந்து உறங்குகிறான். வேட்டைக்குப் பழக்கிய பெண்மானைத் தேடிக் காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி அதைப் பார்க்கிறாள். அரவம் கேட்டால் கணவன் விழிப்பான், கலைமானும் பிணையைப் பிரியும் என்று அஞ்சி அசையாமல் இருக்கிறாள். காயவைத்த தினையைக் காட்டுக்கோழி வந்து கொத்துவதைக்கூட அவள் தடுக்கவில்லை. அதே பாட்டில், அந்த வீட்டுக்கு வரும் பாணனுக்குச் சுட்ட இறைச்சி விருந்தும் காத்திருக்கிறது. இறைச்சி உண்ணும் வீட்டுக்குள்ளேயே இரக்கமும் குடியிருந்தது என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழைய, தெளிவான சான்று அரிது.

வள்ளுவர் முதல் யசோதர காவியம் வரை

தயக்கத்தை வாதமாக்கியவை சமண, பௌத்த மரபுகள். இந்திய அளவில் அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டு இதன் தொடக்ககால அரசுச் சான்று. அரண்மனை மடைப்பள்ளிக்காக நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்ட நிலை மாறி, இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன என்றும், அவையும் இனிக் கொல்லப்படா என்றும் அது அறிவிக்கிறது.

திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். கொல்லாமை 33ஆம் அதிகாரம். உண்பதையும் கொல்வதையும் வள்ளுவர் தனித்தனியே எடுத்துக்கொண்டது கவனத்துக்குரியது. நான் கொல்லவில்லை, விலைக்குத்தானே வாங்குகிறேன் என்பவருக்கு அவர் தரும் விடை, வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது. பழியில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு என்ற இந்தக் கணக்கே இன்றைய நுகர்வோர் அறத்துக்கும் அடிப்படை. இரு அதிகாரங்களும் துறவறவியலில் இருப்பதால் அவை துறவிக்கு மட்டும் உரியனவா, இல்லறத்தாருக்கும் உரியனவா என்ற விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

மணிமேகலை இரு வழிகளைக் காட்டுகிறது. வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போன ஆபுத்திரன் அடிபட்டு ஊரைவிட்டு விரட்டப்படுகிறான்; பின்னர் அமுதசுரபி பெற்றுப் பசித்தோர்க்குச் சோறிடுகிறான். கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனிடமோ நாகர் தலைவன், கள்ளும் ஊனும் இன்றி நாங்கள் எப்படி வாழ்வது என்று நேராகவே கேட்கிறான். சாதுவன் அவன்மீது முழு விலக்கைத் திணிக்கவில்லை. முதுமையால் தானே இறந்த விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று அவர்கள் நிலைக்கேற்ற வழி சொல்கிறான். கேட்பவரின் வயிற்றையும் வாழ்நிலையையும் கணக்கில் கொண்ட அறிவுரை இது.

சமணர் இதை ஏற்கவில்லை. நீலகேசி, பௌத்தர் விலைக்கு வாங்கிய ஊனை உண்பதைக் கடுமையாகச் சாடுகிறது. அந்நூலின் தொடக்கமே பலி பற்றியதுதான். காளி கோயிலுக்கு ஆடுகளைக் கொண்டுவந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணால் செய்த ஆட்டை வைத்து வணங்குங்கள் என்கிறார். மக்களும் அப்படியே செய்கிறார்கள். யசோதர காவியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் அரசன், உயிர்க்கோழிக்குப் பதிலாக மாவால் செய்த கோழியைத் தாயின் சொற்படி பலியிடுகிறான். கொல்லும் நினைவோடு வெட்டியதால் அந்த மாக்கோழியே அவனையும் தாயையும் விலங்குப் பிறவிகளில் தள்ளுகிறது. ஒரு நூலில் பொம்மை உயிரைக் காக்கிறது; மற்றொன்றில் பொம்மையும் பாவமாகிறது. செயலா, எண்ணமா, எது கொலை என்ற கேள்வியைத் தமிழ்ச் சமணம் இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தில் உள்ள புத்தர் சிலை, இந்த விவாதங்களின் காலத்தில் பௌத்தமும் இவ்வட்டாரத்தில் வாழ்ந்ததற்குச் சாட்சி.

சைவ மரபு

திருமூலர் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனிப் பகுதிகள் வைத்தார். சேக்கிழாரின் பெரியபுராணம் இதன் மறுபக்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கண்ணப்பர் பன்றி இறைச்சியைச் சுவைத்துப் பார்த்து நல்லதை இறைவனுக்குப் படைக்கிறார். நாகப்பட்டினத்து மீனவரான அதிபத்தர் வலையில் விழும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விடுகிறார். அகப்பட்டதில் ஒன்று தனக்கல்ல என்று விட்டுவிடும் கை, தொழிலுக்குள்ளேயே தயங்கத் தெரிந்த கை. சேக்கிழாரை ஆதரித்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை நிறுவிய இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், தமிழ்த் துறவியரைப் போலப் புலால் தவிர்த்து வாழ்ந்தார் என்பது அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை தரும் செய்தி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் வீரமாமுனிவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார். கொல்லாமையும் புலால் மறுத்தலும் ஐரோப்பிய மொழியொன்றுக்குப் போன தொடக்கப் பயணங்களில் அது ஒன்று.

வள்ளலார்

அரியலூருக்கு அண்டை மாவட்டமான கடலூரின் வடலூரில் இராமலிங்க அடிகள் (1823–1874) இத்தயக்கத்தை ஓர் இயக்கமாக மாற்றினார். 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்; அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1872இல் சத்திய ஞானசபை நிறைவுற்றது. கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்பது சபையின் விதி. தருமச்சாலையிலோ பசியோடு வந்தவர் எவராயினும் சோறு உண்டு. வழிபாட்டுக்கு ஒழுக்கம் கேட்டார். பசிக்கு எதையும் கேட்கவில்லை.

செடி கொடிகளுக்கும் உயிர் உண்டே என்ற கேள்விக்கு அவரது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' விடை தருகிறது. தாவரம் ஓரறிவு உயிர். அதிலிருந்து விதை, காய், கனி முதலியவற்றைக் கொள்வது மனிதனிடமிருந்து நகத்தையும் மயிரையும் களைவதைப் போன்றது. அதனால் உயிர் நீங்குவதில்லை என்பது அவர் வாதம். ஆபுத்திரனிடம் தொடங்கிய, கொல்லாமையையும் சோறிடுதலையும் ஒரே அறமாகப் பார்க்கும் மரபு வள்ளலாரிடம் முழுமை பெற்றது. அவர் பிறந்த நாளான அக்டோபர் 5ஐத் 'தனிப்பெருங்கருணை நாள்' எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது.

கிடா வெட்டில் தயக்கம்

குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்திக் கிடா வெட்டுவது இவ்வட்டாரக் குடும்பங்களின் வாழ்வோடு ஒட்டிய சடங்கு. தயக்கம் மிக வெளிப்படையாகத் தெரியும் இடமும் இதுதான். நேர்ந்துவிட்ட கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்துச் சாமி முன் நிறுத்துவார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளிப்பார். உடனே அரிவாளை ஓங்குவதில்லை. கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. சிலிர்க்காவிட்டால் மறுபடி தண்ணீர் தெளிப்பார்கள். நேரம் போகப் போகக் கூட்டம் அமைதியாகிவிடும். வீட்டுப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஏதும் குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்று வேண்டுவார். ஈரம் பட்டால் ஆடு உதறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். கேட்காமல் வெட்ட அவர்களுக்கு மனம் வராது.

அய்யனார் சைவம், கருப்பசாமி அசைவம் என்பது தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள ஏற்பாடு. கருப்புக்குக் கிடா வெட்டும்போது அய்யனார் முன் திரை போட்டுவிடுவார்கள். குருதியைக் காணாத ஒரு கண்ணைத் தெய்வத்தின் பெயரால் ஊர் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. மண் குதிரை, சிவப்பு தடவிய பூசணிக்காய், அறுத்த எலுமிச்சை ஆகியவை உயிருக்குப் பதில் நிற்கும் காணிக்கைகள். திங்களும் வெள்ளியும் நடை திறப்பதை மரபாகக் கொண்ட சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் பெண்கள் அங்கேயே அரிசி இடித்து மாவிளக்கு ஏற்றுகிறார்கள். இவ்வட்டார மக்கள் நடந்தே போகும் சமயபுரத்தில் மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள்.

வீடுகளில் தயக்கம் நாள்காட்டியாகிவிட்டது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை நாட்களில் கறி எடுக்காத வீடுகள் ஏராளம். புரட்டாசியில் கறிக்கடைக் கூட்டம் குறைந்துவிடும்.

இசுலாமிய மரபு

பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். இசுலாம் இறைச்சியை அனுமதிக்கிறது. கொல்லும் முறைக்குக் கடும் நெறி வகுக்கிறது. இறைவன் பெயர் சொல்லாமல் அறுக்கக் கூடாது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். விலங்கின் கண்முன் கத்தியைத் தீட்டக் கூடாது. ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது. அந்த உயிர் தனக்குச் சொந்தமல்ல என்ற நினைவே இந்நெறியின் அடித்தளம்.

சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் 1950இல் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நீண்டகாலம் ஏட்டளவில் இருந்த அதனை 2003 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டார். எளிய மக்களின் வழிபாட்டில் கைவைப்பதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2004 பிப்ரவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், சமய நெறிப்படி கொல்வதைக் குற்றமாகக் கொள்ளாது என்று 28ஆம் பிரிவில் கூறுகிறது. 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி சினையாக உள்ள விலங்கையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், அத்தகைய குட்டியுள்ள தாயையும் அறுக்கக் கூடாது. ஒரு விலங்கின் கண்முன் மற்றொன்றை அறுக்கவும் தடை உண்டு. மரபு நெடுங்காலமாகச் சொன்னதை அரசு விதியாக எழுதிய இடம் இது.

சாதியும் எதிர்வாதமும்

கொல்லாமை அறமாகப் பிறந்தாலும் சமூகத்தில் அது சாதி உயர்வின் அடையாளமாகவும் பயன்பட்டது. உணவைக் காட்டி வாடகை வீடு மறுப்பதும், மாட்டிறைச்சி உண்போரை இழிவாகப் பேசுவதும் அறத்தின் பெயரால் நடக்கும் அநீதிகள். 2003ஆம் ஆண்டுத் தடைக்கு எழுந்த எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருந்தது. பக்கத்தில் இருக்கும் மனிதரை இழிவுசெய்யும் கருணை கருணையாகாது.

இத்தயக்கம் மேலைநாட்டிலும் இயக்கமானது; 1847இல் இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் தோன்றியது. 1975இல் வெளிவந்த பீட்டர் சிங்கரின் 'விலங்கு விடுதலை', விலங்கு படும் துன்பத்தையே அளவுகோலாக வைத்தது. தொழிற்கூட முறையில் வளரும் பிராய்லர் கோழிக்கு இந்த அளவுகோல் நேராகப் பொருந்துகிறது. கொட்டகைக்குள் சில வாரங்களே வாழ்ந்து கடைக்கு வரும் அந்தக் கோழியிடம் எவரும் உத்தரவு கேட்பதில்லை.

மதிப்பீடு

இவ்வட்டாரத்தின் வரலாறு சொல்வது இதுதான்: கொல்லத் தயங்கும் மனம் எந்தச் சமயத்துக்கும் எந்தச் சாதிக்கும் தனிச்சொத்தன்று. முனிவர் அதை விரதமாக்கினார், வள்ளலார் அடுப்பாக்கினார், அரிவாள் பிடித்தவர் அதைச் சடங்காக வைத்துக் காத்தார். கண்ணெதிரே உயிர் நின்றவரை இத்தயக்கம் நிலைத்தது. உறையில் அடைத்த இறைச்சி வீடுதேடி வரும் காலத்தில் அதற்கு முதல் ஆபத்து வந்திருக்கிறது. உண்பதா, விடுவதா என்பது அவரவர் முடிவு. தட்டில் இருப்பது ஓர் உயிராக இருந்தது என்ற நினைவை விடாமல் வைத்திருப்பது எல்லோருக்கும் பொதுவான கடமை.