சூளைப் பிள்ளைகளுக்கு என்ன ஈடு?

எளாவூர்ப் பக்கத்தாருக்குத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய பெற்றோரோடு பிள்ளைகளும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டே வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கியது. 1978இல் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது ஒருவருக்கு 4,000 ரூபாய். 2000இல் அது 20,000 ஆனது. 2016இல் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் என்று உயர்ந்தது.

தொகை நல்ல தொகைதான். ஆனால் முழுப் பணமும் கைக்கு வர, கொத்தடிமையாக இருந்தது சட்டப்படி நிரூபணமாக வேண்டும். அதுவரை உடனடி உதவி மட்டுமே. 2022 முதல் அது 30,000 ரூபாய் வரை. வழக்கு இழுத்தால் சிறுவன் வாலிபனாகிவிடுவான். யாரும் வந்து மீட்காமல் தானாகவே வெளியேறியவனிடம் விடுவிப்புச் சான்றிதழே இருக்காது.

அயர்லாந்தில் காப்பகங்களில் வதைபட்ட பிள்ளைகளுக்காக 2002இல் ஒரு சட்டம் வந்தது. அங்கே யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. காப்பகத்தில் இருந்ததையும் அடைந்த பாதிப்பையும் காட்டினால் போதும். அதிலும் குறை உண்டு. பட்டியலில் இல்லாத நிறுவனங்களில் வளர்ந்தவர்கள் விடுபட்டார்கள்.

முதலாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. இழந்த பிள்ளைப் பருவத்துக்கு ஈடு கொடுப்பது அரசின் கடமை. முதலாவது முடியட்டும் என்று இரண்டாவதை நிறுத்தி வைப்பது நியாயமில்லை.